யப்பானியச் சுரங்கங்களில் நிலக்கரி நகர்ந்த வழிகள்

நிலக்கரிச் சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடனே, இருளிலே குனிந்திருந்து பாறையைக் கொத்தும் மனிதனின் தோற்றமே பெரும்பாலோர் மனத்தில் எழும். சுரங்கத் தொழிலின் பாதி வேலை அதுவாகும். மற்றைப் பாதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வெட்டி வீழ்த்தப்பட்ட கரி, வீழ்ந்த இடத்திலே கிடக்குமட்டும் எவருக்கும் பயன்படாத கல்லாகும். அது பகலொளியைக் காண வேண்டுமாயின், தவழ்ந்து செல்ல வேண்டிய குறுகிய வழியையும், அதன்பின் நீண்ட சரிவையும், சில இடங்களிலே செங்குத்தான குழியையும் கடந்து மேலே வர வேண்டும். அந்தத் தூரத்தை யார் கடந்தனர், எதைக்கொண்டு கடந்தனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு யப்பான் மிகப் பொருத்தமான நாடாகும். மனித முதுகிலே கரி சென்ற காலத்திலிருந்து மின்சாரப் பட்டையிலே அது ஓடிய காலம் வரையுள்ள மாற்றங்கள் யாவும், அங்கே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்து முடிந்தன. தாத்தாவின் காலத்துக் கூடையும் பேரனின் காலத்து இயந்திரமும் ஒரே ஊரின் நினைவிலே அடுத்தடுத்து நிற்கின்றன.

யப்பானின் தெற்கிலுள்ள பெருந்தீவு கியூசூ. அதன் வடபகுதியில், ஒங்கா ஆறு பாயும் பள்ளத்தாக்கிலே, சிக்குஹோ என்னும் நிலக்கரி வயல் அமைந்துள்ளது. மேற்கே அரியாக்கே கடலோரத்தில் மீக்கே சுரங்கம் உள்ளது. நாகசாக்கிக்கு அப்பால் கடலிலே தக்காசிமா, ஹசிமா என்னும் சிறு தீவுகள் உள்ளன. வடக்கே ஹொக்கைடோ தீவிலும் பெரிய கரி வயல்கள் இருந்தன. மீக்கேயிலே எரியும் கல்லை 1469ஆம் ஆண்டில் ஓர் உழவர் கண்டார் என்று பழங்கதை கூறும். எனினும் நெடுங்காலம்வரை அங்கெல்லாம் நடைபெற்றது பெருந்தொழில் அன்று. மலைச்சரிவில் கரி வெளியே தெரியுமிடத்தில் ஒரு துளையிட்டு, அதனூடாக இயன்றளவு உள்ளே சென்று வெட்டினர். தனுக்கி என்பது நரியை ஒத்த ஒரு சிறு விலங்கு. அது தோண்டும் வளையைப் போன்றிருந்தமையால், அவ்வகைச் சுரங்கங்களுக்கு அதன் பெயரையே மக்கள் வழங்கினர்.

அத்தகைய வளைகள் ஆழமாகச் செல்லாமைக்கு இரு காரணங்கள் இருந்தன. ஒன்று, உள்ளே ஊறி நிறையும் நீர். மற்றையது, கரியை வெளியே கொணரும் தொல்லை. கரி இருக்கும் இடம் உள்ளே செல்லச் செல்ல, ஒரு கூடையைக் கொணர்ந்துவிட்டுத் திரும்பும் நேரமும் நீண்டது. ஒரு கட்டத்துக்குமேல் சுமப்பவரின் கூலிக்கும் கரியின் விலை போதவில்லை. உடனே அத்துளையைக் கைவிட்டு வேறொன்றைத் தோண்டினர். ஆகவே, ஒரு சுரங்கம் எவ்வளவு தூரம் வளரலாம் என்பதை, வெட்டும் கையைவிடச் சுமக்கும் முதுகே தீர்மானித்தது எனலாம்.

சிக்குஹோச் சுரங்கங்களிலே இருவர் சேர்ந்து வேலை செய்தனர். கரியை வெட்டுபவரைச் சக்கியாமா என்றும், வெட்டிய கரியைச் சேர்த்து வெளியே கொண்டு செல்பவரை அத்தோயாமா என்றும் அழைத்தனர். முன்னே நிற்பவர், பின்னே நிற்பவர் என்பன இச்சொற்களின் கருத்து. முன்னே நிற்பவர் பெரும்பாலும் கணவர். பின்னே நிற்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவி. சில வேளைகளில் தந்தையும் மகளும், அல்லது அண்ணனும் தங்கையும் இவ்வாறு சேர்ந்தனர். வீட்டிலே குழந்தையைப் பார்ப்பதற்கு எவரும் இல்லாதபோது, குழந்தையையும் உள்ளே கொண்டு சென்றனர். மூத்த பிள்ளை இளைய பிள்ளையைத் தாலாட்டியபடி இருளிலே அமர்ந்திருக்கும்.

பின்னே நிற்கும் பெண்ணின் கருவிகள் மிக எளியவை. சிறு வாரியொன்றினாலே கரியை இழுத்து, மூங்கிற் கூடையில் அள்ளுவாள். பின் அதனைச் சறுக்குப் பெட்டியிலே கொட்டுவாள். இப்பெட்டிக்குச் சூரா என்று பெயர். சக்கரங்கள் இல்லாத இது, அடியிலே இரண்டு கட்டைகள் பொருத்தப்பட்டு நிலத்தோடு சறுக்கிச் செல்வது. வழியிலே குறுக்குக் கட்டைகளை ஏணிப்படிகள் போல் பதித்திருப்பர். பெண் தோளிலே வாரை மாட்டிக்கொண்டு, கைகளையும் கால்களையும் அக்கட்டைகளில் ஊன்றித் தவழ்ந்து பெட்டியை இழுப்பாள். இறக்கமான வழியாயின் வேலை எளிதாகும் என்று நேயர்கள் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. அப்போது பெட்டிக்குக் கீழ்ப்புறமாக நின்று, பாரம் முழுவதையும் உடலால் தாங்கித் தடுத்து, அடி அடியாகப் பின்னோக்கி இறங்க வேண்டும். கால் வழுக்கினால் பெட்டி அவள்மீதே ஏறிவிடும்.

சறுக்குப் பெட்டி செல்ல இயலாத செங்குத்தான வழிகளிலே காவுதடியைப் பயன்படுத்தினர். நம் நாட்டுக் காவுதடியைப் போலவே அதற்கும் இரு முனைகளிலும் கூடைகள் தொங்கும். ஆனால் நிமிர்ந்து நடக்க இடமில்லாத வழியிலே, ஒரு கூடை முன்னும் மற்றது பின்னுமாக அமையும்படி முதுகை வளைத்து, ஒரு கையிலே குறுந்தடியை ஊன்றிக்கொண்டு ஏற வேண்டும். வேறு சில இடங்களிலே, முதுகிலே கட்டிய பெருங்கூடையிலே கரியைச் சுமந்தனர். திறந்த சுடருடைய சிறிய எண்ணெய் விளக்கே அக்காலத்தில் வழிகாட்டிற்று.

இவ்விவரங்களை இன்று இவ்வளவு தெளிவாக அறிவதற்கு ஒரு சுரங்கத் தொழிலாளியே பெரிதும் காரணமாவார். அவர் பெயர் யமமொட்டோ சக்குபேய். 1892ஆம் ஆண்டில் சிக்குஹோவிலே பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே. சிறுபிள்ளையாய் இருக்கும்போதே பெற்றோருடன் சுரங்கத்துள் இறங்கினார். பின்னர் அரை நூற்றாண்டு காலம் பல சுரங்கங்களிலே உழைத்தார். முதுமையிலே இரவுக் காவலாளியாய் இருந்த காலத்தில், தாம் கண்டவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க விரும்பித் தூரிகையை எடுத்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓவியத்தின் ஓரங்களிலே நெருக்கமாக விளக்கங்களையும் எழுதினார். கருவியின் பெயர், அதனைப் பிடிக்கும் முறை, கூலி, அரிசியின் விலை யாவும் அவ்விளக்கங்களில் உள்ளன. அவர் 1984ஆம் ஆண்டில் மறைந்தார். 2011ஆம் ஆண்டிலே அவருடைய ஓவியங்களும் குறிப்பேடுகளுமாக 697 பொருள்களை யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்தது. யப்பானிலிருந்து அப்பதிவேட்டில் முதன்முதலாக இடம்பெற்றவை, மன்னரின் ஆவணங்கள் அல்ல, இந்தத் தொழிலாளியின் தாள்களே.

சறுக்குப் பெட்டியின் பயணம் தண்டவாளம் வரையுமே. அங்கே மரத்தாற் செய்து இருப்புச் சக்கரம் பூட்டிய சிறு வண்டிகள் காத்திருக்கும். கரியை அவ்வண்டியிலே நிரப்பியபின், நிரப்பியவரின் அடையாளத் தகட்டை அதிலே இடுவர். மேலே வண்டியைச் சோதிப்பவர் அத்தகட்டைப் பார்த்தே கணக்கெழுதுவார். கூலி, நிரப்பிய வண்டிகளின் எண்ணிக்கைப்படி கணிக்கப்பட்டது. கரியோடு கல் கலந்திருந்தாலும், வண்டி தலைதட்ட நிறையாதிருந்தாலும் கூலியிலே கழிவு விழும். கணவனின் வெட்டுக்குத் தனிக்கூலியும் மனைவியின் சுமைக்குத் தனிக்கூலியும் இல்லை. வெற்று வண்டி வந்து சேராவிடில் இருவரும் கைகட்டி இருக்க வேண்டும். அந்நேரத்துக்குக் கூலி கிடையாது. அதனால் வெற்று வண்டி வரும்போது அதனைக் கைப்பற்றுவதற்குச் சச்சரவுகளும் எழுந்தன.

இனி இயந்திரங்களின் வருகையை நோக்குவோம். 1869ஆம் ஆண்டிலே தக்காசிமாத் தீவில், சாகா ஆட்சிப் பிரிவினரும் நாகசாக்கியில் வாணிகம் செய்த ஸ்கொத்லாந்தியரான தோமஸ் குளோவரும் கூட்டாக, மேல்நாட்டு முறைப்படி ஏறக்குறைய 43 மீற்றர் ஆழமான செங்குத்துக் குழியொன்றை அமைத்தனர். நீராவி இயந்திரம் அங்கே கரியை மேலே தூக்கிற்று. நீராவியாலே இயங்கும் நிலக்கரிச் சுரங்கம் யப்பானில் அதுவே முதலாவதாகும். சிக்குஹோவிலே, 1881ஆம் ஆண்டில் சுகியாமா தொக்குசபுரோ என்பவர் சக்கனோ சுரங்கத்தில் நீராவிப் பம்பியினால் நீரை வெளியேற்றுவதிலே வெற்றி கண்டார். நீர் விலகியதும் ஆழம் திறந்தது. ஆழம் திறந்ததும் கரியை மேலேற்றுவதற்கும் நீராவி தேவைப்பட்டது.

மீக்கேச் சுரங்கத்தை 1889ஆம் ஆண்டில் மிட்சுயிக் கம்பனி அரசிடமிருந்து ஏற்றது. அமெரிக்காவிலே சுரங்கப் பொறியியல் கற்றுத் திரும்பிய டான் தக்குமா என்பவர் அதனை நடத்தினார். 1897ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மண்டாக் குழி 270 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையது. உருக்குக் கோபுரமொன்றின் உச்சியிலே பெருஞ்சக்கரங்கள் சுழல, கம்பிக் கயிற்றிலே தொங்கிய கூடுகள் கரி வண்டிகளை ஏற்றி இறக்கின. 1908ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மீக்கேத் துறைமுகத்திலே, அரியாக்கே கடலின் பெரிய வற்றுப்பெருக்கைத் தாங்கும் பொருட்டு நீர்க்கதவுகள் பூட்டப்பட்டன. குழியிலிருந்து துறைமுகம்வரை கம்பனியின் சொந்தப் புகையிரதப் பாதையே ஓடிற்று. சிக்குஹோவிலும் ஒங்கா ஆற்றின் தட்டைத் தோணிகள் செய்த வேலையை, 1891ஆம் ஆண்டிலே வக்கமட்சுத் துறைக்குத் திறந்த புகையிரதப் பாதை படிப்படியாகப் பறித்துக்கொண்டது.

குழியின் அடிக்கும் கரி வெட்டுமிடத்துக்கும் இடையிலுள்ள பெருவழிகளிலே கயிறுகள் ஓடத் தொடங்கின. சாய்வான வழிகளிலே பல வண்டிகளை ஒன்றோடொன்று கொளுவி, மேலுள்ள இயந்திரம் ஒரே கயிற்றினால் இழுத்தது. வேறு வழிகளிலே, முடிவில்லாக் கயிறு எனப்படும் வளையக் கயிறு ஓயாது மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, வண்டிகளை ஒவ்வொன்றாக அதிலே பற்றவைத்தனர். மீக்கேயிலே குதிரைகளும் நிலத்தடியில் வண்டிகளை இழுத்தன. பின்னர் மின்சார எஞ்சின்கள் வந்தன. வண்டிகளைக் கொளுவிக் கழற்றி, ஓடும் வண்டியிலே தாவி ஏறி, மணிக்கம்பியை இழுத்துச் சைகை கொடுக்கும் ஆட்கள் சவோதொரி எனப்பட்டனர். கொளுவி விலகுமாயின் வண்டிகள் சரிவிலே தாமே பாயும். வழியிலே நிற்பவர் ஒதுங்குவதற்கும் இடமிராது.

இங்கே ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இயந்திரம் வெளியிலிருந்து உள்ளே நகர்ந்தது. முதலிலே குழிவாய், பின்னர் பெருவழி, அதன்பின் கிளைவழி என்று அது முன்னேறிற்று. ஆயினும், கரி வெட்டுமிடத்திலிருந்து வண்டி நிற்குமிடம் வரையுள்ள கடைசிச் சில பத்து மீற்றர் தூரத்திலே அது நெடுங்காலம் நுழையவே இல்லை. மேலே ஆயிரக்கணக்கான குதிரைவலு நீராவி இரைந்துகொண்டிருக்கையில், கீழே பெண்கள் சறுக்குப் பெட்டியைத் தவழ்ந்து இழுத்தனர்.

இதற்குக் காரணம் இரண்டு. அக்காலத்தில், கரிப்படையிலே சிறு சிறு அறைகளாக வெட்டி, இடையிடையே தூண்களை விட்டுச் செல்லும் முறை வழங்கியது. வெட்டுமிடங்கள் பலவாகச் சிதறிக் கிடந்தமையால், ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் வைப்பது ஆகாத காரியம். இரண்டாவது காரணம் பணம் பற்றியது. கூலி வண்டிக் கணக்கிலே கொடுக்கப்பட்டமையால், வண்டி நிற்குமிடம்வரை கரியைச் சுமக்கும் செலவு கம்பனியின் ஏட்டிலே தனியாகத் தோன்றவில்லை. அது குடும்பத்தின் உழைப்பினுள்ளே மறைந்திருந்தது. ஏட்டிலே தோன்றாத செலவைக் குறைப்பதற்கு எவரும் இயந்திரம் வாங்குவதில்லை.

மீக்கேயிலே நிலை வேறு வகையிற் கொடிது. அங்கே 1873ஆம் ஆண்டு தொடக்கம் சிறைக்கைதிகளை நிலத்தடி வேலைக்கு அனுப்பினர். அவ்வழக்கம் 1930ஆம் ஆண்டிலேயே முற்றாக ஒழிந்தது. கட்டாய உழைப்பு மலிவாகக் கிடைத்தவிடத்தும், குடும்ப உழைப்பு மலிவாகக் கிடைத்தவிடத்தும், புதிய கருவிக்கு அவசரம் இருக்கவில்லை.

1920ஆம் ஆண்டுக்குப் பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. முதலாம் உலகப் போரின் பின் விலை வீழ்ந்தபோது, கம்பனிகள் உற்பத்திச் செலவைக் குறைக்கும் வழியைத் தேடின. சிதறிய அறைகளுக்குப் பதிலாக, ஒரே நீண்ட சுவரைப் போலக் கரிப்படையை வெட்டும் முறை பரவிற்று. நீண்ட வெட்டுமுகம் கிடைத்ததும், அதன் நெடுகிலும் இருப்புத் தாழிகளைத் தொடர்ச்சியாக அமைக்க முடிந்தது. சில தாழிகள் முன்னும் பின்னும் அதிர்ந்து கரியைத் தள்ளின. சிலவற்றிலே சங்கிலிகள் கரியை இழுத்துச் சென்றன. பல பெண்கள் நாள் முழுதும் இழுத்த கரியைத் தாழியொன்று சிறு பொழுதிலே வண்டி நிற்குமிடத்தில் கொட்டிற்று.

அதே காலத்தில் சட்டமும் மாறிற்று. 1928ஆம் ஆண்டிலே திருத்தப்பட்ட தொழிலாளர் விதிகள், பெண்களும் சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தன. ஐந்தாண்டு தவணைக்குப்பின் 1933ஆம் ஆண்டில் அத்தடை நடைமுறைக்கு வந்தது. கரிப்படை மெலிந்த சுரங்கங்களுக்கு மட்டும் விலக்களித்தனர். தடை நல்லதே என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதனாலே குடும்பங்களுக்கு வந்த இழப்பும் மெய்யானது. இருவர் உழைத்துப் பெற்ற வருவாய் ஒருவர் உழைப்பாகச் சுருங்கிற்று. பெண்களிற் சிலர் மேலே, பட்டையில் ஓடும் கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலைக்குச் சென்றனர். அங்கே கூலி குறைவு. இருளிலிருந்து மீண்டவர்களுக்கு வெளிச்சத்திலே போதிய பிழைப்பு வைக்கப்படவில்லை.

அத்தடையும் நிலைக்கவில்லை. சீனாவுடன் நடந்த போர் விரிந்தபோது, ஆண்கள் படைக்குச் செல்ல, 1939ஆம் ஆண்டில் விதிகள் தளர்த்தப்பட்டுப் பெண்கள் மீண்டும் கீழே இறக்கப்பட்டனர். கொரியாவிலிருந்து பெருந்தொகையான தொழிலாளர்கள் திரட்டிக் கொணரப்பட்டனர். பின்னர் சீனரும், போரிலே சிறைப்பட்ட நேச நாட்டுப் படையினரும் கியூசூச் சுரங்கங்களிலே வேலைக்கு விடப்பட்டனர். பசியோடும் அச்சத்தோடும் உழைத்த அவர்களிற் பலர் திரும்பவில்லை. உருக்கும் உதிரிப் பாகங்களும் படைக்கலங்களுக்குச் சென்றமையால் இயந்திரங்கள் தேய்ந்தன. மனித உடலே மீண்டும் இயந்திரத்தின் இடத்தை நிரப்பிற்று. போருக்குப்பின், 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே பெண்களை நிலத்தடி வேலையிலிருந்து விலக்கிற்று.

அடுத்து வந்த ஆண்டுகளிலே கரியின் பயணம் முற்றாக மாறிற்று. உருக்குத் தூண்கள் கூரையைத் தாங்கின. கரியைச் சீவும் பொறிகள் வெட்டுமுகத்தின் நெடுகிலும் ஓட, இரட்டைச் சங்கிலித் தாழிகள் அதனை ஏந்திச் சென்றன. தாழியிலிருந்து நீண்ட இறப்பர்ப் பட்டைகள் கரியை ஏற்றுச் சரிவின் வழியே மேலே கொணர்ந்தன. ஹொக்கைடோவிலுள்ள சுனகாவாச் சுரங்கத்திலே, 1960களில், உயரழுத்த நீரினாலே கரியை உடைத்து, அந்நீரோடே தாழிகளின் வழியாக அதனை ஓடவிட்டனர். ஒரு காலத்திலே சுரங்கத்தின் பகையாக இருந்த நீர், அங்கே சுமைகூலியாயிற்று.

எனினும் பழைய அபாயம் மறையவில்லை. 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் நாள், மீக்கேயின் மிக்காவாக் குழியிலே, சாய்வழியில் மேலே இழுக்கப்பட்ட கரி வண்டிகளின் கொளுவி ஒன்று அறுந்தது. விடுபட்ட வண்டிகள் சரிவிலே பாய்ந்து தடம் புரண்டன. வழியெங்கும் படிந்திருந்த கரித்தூள் மேகமாய் எழுந்து தீப்பற்றி வெடித்தது. 458 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று; காற்றோடு பரவிய காபனோரொட்சைட்டு நச்சுவாயுவே. மேலும் 839 பேரை அவ்வாயு தாக்கிற்று. உயிர் தப்பியவர்களிற் பலர், மூளை பாதிக்கப்பட்டு, நினைவும் இயல்பும் மாறினவராய் வீடு திரும்பினர். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரி, 1967ஆம் ஆண்டில் அவர்களுடைய மனைவியர் சுரங்கத்தினுள்ளே இறங்கி அமர்ந்து போராடினர். அவ்வாண்டிலேயே அந்நச்சுவாயு நோயாளருக்கான சிறப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் நிலத்தடியிலிருந்து விலக்கிய பெண்கள், நீதி கேட்பதற்காக மீண்டும் அங்கே சென்றனர் என்பது சிந்தனைக்குரியது.

பெற்றோலிய எண்ணெயும் வெளிநாட்டுக் கரியும் மலிவாக வந்தமையால் யப்பானியச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஹசிமா 1974ஆம் ஆண்டிலும், தக்காசிமா 1986ஆம் ஆண்டிலும், மீக்கே 1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் ஓய்ந்தன. ஹொக்கைடோவின் கூசிரோ நகரிலிருந்த பெருஞ்சுரங்கமான தைஹேயோ 2002ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. மண்டாக் குழியின் உருக்குக் கோபுரமும் மீக்கேத் துறைமுகமும் 2015ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிலே இடம்பெற்றன.

கோபுரங்கள் உயர்ந்து நிற்பவை. அவற்றைக் காப்பது எளிது. சறுக்குப் பெட்டி தேய்ந்த வழிகளோ நீரில் மூழ்கிவிட்டன. அவ்வழிகளிலே தவழ்ந்தவர்களின் பெயர்களும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஆனால் சக்குபேயின் ஓவியங்களிலே அப்பெண்கள் இன்றும் தோளிலே வாருடன், குறுக்குக் கட்டையைப் பற்றியபடி இருக்கின்றனர். யப்பானின் உருக்காலைகளும் கப்பல்களும் புகையிரதங்களும் எரித்த கரியின் முதற் சில மீற்றர் பயணம், நெடுங்காலமாக அவர்களுடைய முழங்கால்களின் மீதே நடந்தது. அந்நாட்டின் தொழில் வளர்ச்சியைக் கணக்கிடுவோர் எந்திரங்களின் குதிரைவலுவோடு அதனையும் ஒரு வரியாகச் சேர்த்து எழுதுவாராயின், கணக்குச் சரியாகும்.